பாரதியாரும் இரகசியப் போலீசாரும்

ஒருவன் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதும், தன் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவதும், தன் சிநேகிதனோடு தனித்திருந்து பேசுவதும் குற்றமாகா. இதை எல்லோரும் ஒப்புவர். ஆயினும் அதிகாரத்திலிருப்போர் எக்காலத்திலும் ஒரு வாதத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். குற்றமற்றவனுக்கு ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகையால் அவனை உற்றுப் பார்ப்பதால் அவனுக்கு நஷ்டமும் இல்லை என்பதே அந்த வாதம். கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும் இவ்வாதத்துக்கு நமது நாட்டிலேயே ஒரு மகானுடைய வாழ்க்கை விடையாக நிற்கிறது. ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியாரின் பாட்டுக்களை அறியாத தமிழர் இல்லை. அவரை இராஜாங்கத்தார் எவ்வாறு பல வருஷங்கள் வேவு பார்த்தனர் என்பதையும், அதனால் அவர் இழந்தது என்ன என்பதையும் அறிந்தவர் அத்தனை பேர் இரார். அதனை இன்று நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

வைப்பாறு கடலோடு கலக்கும் கீழவைப்பாரிலிருந்து எட்டயபுரம் ஒரு நாள் நடைத் தூரமே. அப்போதைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த அந்த ஜமீன் ஊரில், 1882-ம் வருஷம் டிசம்பர் மாதம் 11-ந் தேதி பாரதியார் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். பால்யத்திலேயே எட்டயபுரம் சமஸ்தானத்துப் புலவர்களால் பாரதி என்னும் பட்டம் பெற்றார். தந்தை சின்னசாமி ஐயர் காலமான பிறகு காசி சென்று சில வருஷங்கள் படித்தார். திரும்பி வந்து சமஸ்தானத்தில் சிறிது காலமும், மதுரை சேதுபதி உயர்தரப் பாடசாலையில் சில மாதங்களும் உத்தியோகம் பார்த்தார். 1904-ம் வருஷக் கடைசியில் ஸ்ரீ ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக அமர்த்திக்கொண்டார். ஜமீன் தயவை நம்பியிருந்த கவி அதுமுதல் பொது ஜனங்களின் எழுத்தாளரானார்.

1906-ம் வருஷத்தில் சென்னையில் இரண்டு காரியங்கள் தொடங்கின. ஒன்று, பாரதியாரின் எழுத்தால் புகழ் பெற்ற இந்தியா என்னும் வாரப் பத்திரிகை. மற்றொன்று, சென்னை மாகாணப் போலீஸ் இலாகாவில் புதிதாக ஏற்பட்ட குற்றப் புலனாய்வுப் பகுதி. ஜனங்கள் இதனைச் சி.ஐ.டி. என்றே அழைத்தனர். திருடரையும் கொள்ளைக்காரரையும் கண்டுபிடிப்பதற்கென்று கூறப்பட்ட இப்பகுதியார், வெகு விரைவில் பத்திரிகை எழுதுவோரையும் கூட்டத்தில் பேசுவோரையும் பின்தொடரத் தலைப்பட்டார்கள். தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். அவரும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் 1908-ம் வருஷத் தொடக்கத்தில் செய்த பிரசங்கங்களைப் போலீசார் குறித்துக்கொண்ட குறிப்புக்களே அவர்கள் மீது நடந்த வழக்கில் முக்கிய சாட்சியமாயின. அவ்வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதி பிள்ளையவர்களுக்குத் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டு ஆயுள் பரியந்தம் தீபாந்தர சிட்சை விதித்தது.

பொதுக் கூட்டத்தில் பேசியதைக் குறித்துக்கொள்வது வேறு. ஒரு மனிதனுடைய அந்தரங்க வாழ்க்கைக்குள் புகுவது வேறு. பாரதியார் விஷயத்தில் நடந்தது இரண்டாவதேயாகும்.

1908-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்தியா பத்திரிகையின் மீது இராஜத் துரோக வழக்குத் தொடரப்பட்டது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த ஸ்ரீ எம். சீனிவாசன் கைது செய்யப்பட்டு 5 வருஷத் தண்டனை பெற்றார். உண்மையில் எழுதியவர் யார் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாததன்று. நண்பர்கள் பாரதியாரைப் பிரஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் செல்லும்படி வற்புறுத்தினார்கள். அவரும் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. திரும்பிப் பிரிட்டிஷ் எல்லையில் காலடி வைக்கப் பத்து வருஷம் ஆகும் என்று அன்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

புதுச்சேரியில் இந்தியா பத்திரிகை மறுபடியும் உயிர் பெற்றது. ஆங்கில இராஜாங்கத்தார் அதன் ஆசிரியரைப் பிடிக்க முடியாமையால் பத்திரிகையையே பிடித்தார்கள். எல்லைக்கப்பால் வரும் பிரதிகள் பறிமுதலாயின. வாங்குவோர் பெயர்கள் குறிக்கப்பட்டன. தபாலில் வந்த பத்திரிகையைக் கையில் வைத்திருந்தவனே சந்தேகத்துக்குரியவனானான். வாசகர்கள் அஞ்சினார்கள், சந்தா நின்றது, 1910-ம் வருஷத்தில் பத்திரிகையும் நின்றது. அவ்வருஷம் பிப்ரவரியில் பிறந்த அச்சுச் சட்டம் இவ்வேலையை இன்னும் சுலபமாக்கிற்று. எழுத்தாளனைத் தண்டிக்காமலே எழுத்தைக் கொல்லலாம் என்பதை அதிகாரிகள் கண்டுகொண்டனர்.

அதே வருஷம் ஏப்ரலில் ஸ்ரீ அரவிந்தரும், பிறகு ஸ்ரீ வ. வே. சு. ஐயரும் புதுச்சேரி வந்து சேர்ந்தார்கள். அது முதல் அச்சிறு பட்டணத்தில் வேவுகாரர் தொகை பெருகலாயிற்று. சென்னைப் போலீசார் அங்கே நிரந்தரமாகவே ஆட்களை வைத்திருந்தார்கள். சுதேசிகள் என்று ஊரார் அழைத்த இவர்களுடைய வீடுகளுக்கெதிரே ஒற்றர் காத்திருந்தனர். ரயிலில் வந்திறங்குவோர் யார், எந்த வீட்டுக்குப் போகிறார்கள், எத்தனை நேரம் தங்குகிறார்கள் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொண்டனர். பாரதியாரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞன் பின்னால் போலீசும் வந்தது. சர்க்கார் உத்தியோகத்திலிருக்கும் உறவினர் அவருக்கு ஒரு வரி எழுதவும் கூசினார்கள். அவருக்கு வந்த கடிதங்கள் வழியில் பிரித்துப் பார்க்கப்பட்டன. வயிற்றுக்கென்று நண்பர் அனுப்பும் மணியார்டருக்கும் இடையூறு நேர்ந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வக்கீல் தொழிலில் பழகியவர்கள் இதனை உடனே காண்பர். இவ்வளவும் செய்வதற்குப் பாரதியார் மீது எந்த மாஜிஸ்டிரேட்டின் முன்னும் பிராது கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு நோட்டீசும் இல்லை, மறுமொழி சொல்ல வாய்தாவும் இல்லை, அப்பீலும் இல்லை. வழக்கில் சிக்கியவனுக்கு ஒரு நாள் தீர்ப்பாவது கிடைக்கும். வேவு பார்க்கப்படுகிறவனுக்கோ தீர்ப்பே கிடையாது. அவனுடைய சந்தேக நிலைக்கு முடிவு கிடையாது.

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். 1911-ம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று தானும் உயிர் துறந்தான். அவன் அதற்கு முன் புதுச்சேரிக்குப் போய் வந்தவன். ஒரு கொலை நடந்த பிறகு அதன் வேரைத் தேடுவது எந்த இராஜாங்கத்துக்கும் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்விசாரணை நடந்தது. நீலகண்ட பிரமசாரி முதலியோர் மீது சென்னை ஹைகோர்ட்டில் வழக்கு நடந்து 1912-ல் தீர்ப்பும் கிடைத்தது. பாரதியார் அவ்வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை. எந்த வழக்கிலும், எந்தக் காலத்திலும், எந்தக் கோர்ட்டும் அவரைக் குற்றவாளி என்று தீர்த்ததில்லை. ஆயினும் விசாரணை முடிந்ததும் வேவு முடிந்ததா? இல்லை, முன்னிலும் பன்மடங்கு கடுமையாயிற்று. குறித்த ஒரு குற்றத்தைத் துப்பறிவதற்கும், குறித்த ஒரு மனிதனை ஓயாமல் துப்பறிவதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே. முன்னதற்கு முடிவு உண்டு. பின்னது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

அது எவ்வாறு வளர்கிறது என்பதற்கு ஒரு சம்பவமே போதும். ஆஷ் கொலைக்குப் பின், வ. வே. சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்த வேலைக்காரியின் வாளியில் மூடி இறுக்கிய ஒரு பாத்திரம் அகப்பட்டது. திறந்து பார்த்தால் உள்ளே இராஜத் துரோகமான துண்டுப் பிரசுரங்களும் காளியின் படமும் பிறவும் இருந்தன. யாரோ இரவில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சுதேசிகள் கூடி யோசித்து, அதனை மறைக்காமல் தாங்களே பிரஞ்சுப் போலீசாரிடம் ஒப்புவித்தார்கள். பிறகு மயூரேசன் என்னும் ஒரு வேவுகாரன், சுதேசிகள் வீடுகளில் அபாயமான தஸ்தாவேஜுகள் இருப்பதாகப் பிராது கொடுத்தான். பிரஞ்சு மாஜிஸ்டிரேட்டு வந்து சோதனை செய்தார். ஸ்ரீ அரவிந்தர் வீட்டில் அவர் கண்டவை கிரேக்க, லத்தீன் நூல்களே. சந்தேகத்தோடு வந்தவர் மரியாதையோடு திரும்பினார். பொய்ப் பிராது கொடுத்ததற்காகத் தன்மேல் வழக்கு வருமென்றஞ்சி மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்கு ஓட்டமெடுத்தான்.

நேயர்கள் இச்சம்பவத்தைச் சற்று நின்று ஆலோசிக்க வேண்டும். கூலிக்கு வேவு பார்க்கிறவனுடைய பிழைப்பு அவன் கொண்டுவரும் செய்தியைப் பொறுத்தது. செய்தி இல்லையென்றால் கூலியில்லை. ஆகையால், வேவு பார்க்கப்படுகிறவன் யோக்கியனாயிருப்பது வேவுகாரனுக்கு நஷ்டம். யோக்கியனிடத்தில் குற்றத்தைக் காணாவிட்டால், குற்றத்தைக் கொண்டுபோய் அவன் கிணற்றில் போட வேண்டியதாகிறது. இது ஒரு மயூரேசனுடைய துர்க்குணத்தால் மாத்திரம் விளைந்ததன்று. அத்தொழிலின் அமைப்பிலேயே இருக்கும் விஷம். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு நஷ்டமில்லை என்று கூறுவோர், ஐயர் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பாராக!

இவ்வளவு நெருக்கடியிலும் பாரதியார் பேனாவைக் கீழே வைக்கவில்லை. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் புதுச்சேரியில் பிறந்தவையே; பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகம் 1912-ல் வெளிவந்தது. எனினும், அவ்வருஷங்களில் தமிழ் நாடு பெறாமற்போனது எவ்வளவு என்பதையும் கணக்கிட வேண்டும். கனவு, ஆறிலொரு பங்கு என்னும் அவருடைய நூல்களை இராஜாங்கத்தார் தடுத்தார்கள். சின்னச் சங்கரன் கதையின் கையெழுத்துப் பிரதி அவர் வீட்டிலிருந்து காணாமற் போயிற்று. ஒற்றர் கைவரிசை என்றே நண்பர்கள் நம்பினார்கள். அக்கதை நமக்கு முற்றுப் பெறாமலே கிடைத்திருக்கிறது. ஹிந்து பத்திரிகைக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதித் தமக்கு நேரும் போலீஸ் தொந்தரவை உலகறியச் செய்தார். பயன் சொற்பமே.

நமது முத்துக்குளித் துறையார் ஓர் உண்மையை நன்கறிவர். ஒரு முத்துக்காக ஆயிரம் சிப்பிகள் திறக்கப்படுகின்றன. உள்ளே முத்து இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, திறந்த சிப்பி பிழைப்பதில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதனால் அச்சிப்பிக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை என்று எந்தக் குளியாளும் சொல்லத் துணியமாட்டான். பாரதியாரைச் சோதித்த அதிகாரிகள் அதைத்தான் சொன்னார்கள்.

பத்து வருஷ வாசத்துக்குப் பின், ஐரோப்பிய யுத்தம் முடிந்த சமயத்தில், 1918-ம் வருஷம் நவம்பர் மாதம் 20-ந் தேதி பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் கடலூருக்கருகில் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலிருந்து கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவுக்கு மனு எழுதினார். அன்னி பெஸண்ட் அம்மையார், ஸ்ரீ சி. பி. ராமஸ்வாமி ஐயர், ஸ்ரீ ஏ. ரங்கஸ்வாமி ஐயங்கார் முதலியோர் முயன்றனர். டிசம்பர் 14-ந் தேதி விடுதலை கிடைத்தது. அது எத்தகைய விடுதலை! திருநெல்வேலி ஜில்லாவில் குறிப்பிட்ட இடத்தில் வசிக்க வேண்டும், அரசியலில் தலையிடலாகாது, எதை எழுதினாலும் வெளியிடுமுன் இரகசியப் போலீஸ் டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்கு அனுப்பி அவர் சம்மதம் பெற வேண்டும். தமிழ்க் கவிதைக்குப் போலீஸ் அதிகாரி மேலெழுத்துப் போட வேண்டிய காலம் வந்தது. சங்கப் பலகையிலேறிய புலவர்களும் இத்தகைய பரீட்சையைக் கண்டதில்லை.

மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் அவர் வறுமையோடு காலந்தள்ளினார். கட்டுப்பாடுகள் 1920-ல் நீங்கின. சென்னைக்குத் திரும்பிச் சுதேசமித்திரனில் மீண்டும் அமர்ந்தார். ஆனால் தேகம் தளர்ந்துவிட்டது. 1921-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 11-ந் தேதி இரவு கழிந்து 12-ந் தேதி பிறந்த வேளையில், திருவல்லிக்கேணி வீட்டில், நாற்பது வயது நிரம்பாமலே காலமானார். இராஜாங்கத்தார் இறந்தவரையும் விடவில்லை. 1928-ல் அவர் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். சட்டசபையில் ஸ்ரீ சத்தியமூர்த்தி முதலியோர் அதனை வன்மையாகக் கண்டித்தது சரித்திரம்.

அக்காலத்துப் போலீஸ் குறிப்புக்கள் இன்று ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் புரட்டிப் பாரதியார் வாழ்க்கையின் தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுகிறார்கள். அதனால் வேவுகாரர் தமிழுக்குத் தொண்டு செய்தார்கள் என்று யாராவது வேடிக்கையாகக் கூறலாம். அவர் யாரைச் சந்தித்தார் என்பதை அக்குறிப்புக்கள் கூறும். அச்சத்தினால் அவரைச் சந்திக்காமற்போனவர் எத்தனை பேர், எழுதாமல் நின்ற பாட்டுக்கள் எத்தனை என்பவற்றை எந்தக் குறிப்பும் கூறாது.

அந்நிய ஆட்சி 1947-ல் நீங்கிற்று. அந்நிய ஆட்சியின் இப்பழக்கமும் அதனோடு நீங்கிற்றா என்பதே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கொன்றில் சாட்சியமில்லாமல் விடுவிக்கப்பட்டார். ஆயினும் போலீசார் அவர் பெயருக்கு ஒரு ஏடு திறந்து, இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு இரவில் வீடு புகுவதைச் செல்லாதென்று விலக்கிற்று. ஆனால் அந்தரங்கம் அரசியல் சட்டத்தில் உறுதி செய்யப்பட்ட உரிமையன்று என்றும் பெரும்பான்மையோர் கூறினர். நீதிபதி சுப்பா ராவ் அதற்கு மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். 55 வருஷங்கள் சென்றன. 2017-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 24-ந் தேதி, கர்நாடக ஹைகோர்ட்டின் முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்த்தனர். சுப்பா ராவ் அவர்களின் கொள்கை இறுதியில் வென்றது.

உரிமை பிறந்துவிட்டது, ஆனால் அதைக் காக்கும் வாயில்கள் இன்னும் பழைய மாதிரியிலேயே இருக்கின்றன. கடிதங்களைத் தடுத்துப் பார்க்கும் அதிகாரத்தை 1898-ம் வருஷத்துத் தபால் சட்டமும், தந்தியைத் தடுக்கும் அதிகாரத்தை 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டமும் வெள்ளைக்காரனுக்கு அளித்தன. டெலிபோன் பேச்சை ஒட்டுக்கேட்கும் விஷயத்தில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு சில வரம்புகள் விதித்தது. உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும்; ஒரு கமிட்டி அதனை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. நீதிபதியின் முன் அனுமதி வேண்டுமென்று அது விதிக்கவில்லை. 2023-ல் நமது பார்லிமெண்டு புதிய தபால் சட்டமும் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் இயற்றியது. அவற்றிலும் உத்தரவிடுவோர் அதிகாரிகள். அவ்வுத்தரவைப் பரிசீலிப்போரும் அதிகாரிகளே. தன் பேச்சு கேட்கப்பட்டதென்பதை, கேட்கப்பட்டவனுக்குப் பின்னொரு நாளிலாவது தெரிவிக்க வேண்டுமென்ற விதியைக் காணோம். புதுச்சேரியில் பாரதியார் இருந்த நிலைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதை நேயர்களே அளந்து பார்க்கட்டும்.

சர்க்கார் ஒற்றர் கதை இது. கூலி ஒற்றர் கதை இதனினும் மோசம். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பற்றி விசாரிக்கவும், கணவன் மனைவியையும் முதலாளி தொழிலாளியையும் பின்தொடரவும் தனியார் துப்பறியும் நிலையங்கள் பெரிய பட்டணங்களில் பெருகியிருக்கின்றன. யோக்கியமாக நடத்துவோரும் அவர்களில் உண்டு; மோசடிக்காரனைக் கண்டுபிடித்துக் குடும்பங்களைக் காத்தோரும் உண்டு. ஆனால் இத்தொழிலை ஒழுங்குபடுத்த 2007-ல் ராஜ்ய சபையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவேயில்லை. முறைகேடாகத் தேடிய சாட்சியமானாலும், வழக்குக்குச் சம்பந்தப்பட்டதாயின் கோர்ட்டுகள் அதனைப் பொதுவாக விலக்குவதுமில்லை. ஆகவே கூலிக்குப் பின்தொடர்கிறவனுக்கு ஊக்கம் உண்டு, கடிவாளம் இல்லை. மயூரேசனுக்குப் பிரஞ்சு மாஜிஸ்டிரேட்டிடத்திலாவது பயம் இருந்தது.

ஆதலின் தேசத் தொண்டர்கள் கேட்க வேண்டியவை மூன்று. ஒருவனுடைய கடிதத்தையோ பேச்சையோ வீட்டையோ உட்புகுந்து பார்க்க வேண்டுமானால், காரணத்தை எழுதி நீதிபதியின் அனுமதி பெறுக. அவ்வனுமதிக்குக் காலவரையறை வைத்து, காலம் முடிந்ததும் சம்பந்தப்பட்டவனுக்கு அறிவித்து, தவறு நேர்ந்திருந்தால் பரிகாரம் தருக. கூலித் துப்பறிவோரைப் பதிவு செய்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று சட்டத்தில் வரையறுத்து, மீறினால் தண்டிக்குக. கொலையையும் சதியையும் துப்பறியும் கடமைக்கு இவற்றால் ஒரு குறையும் நேராது. கையிலே காரணம் உள்ள அதிகாரி நீதிபதியிடம் செல்ல அஞ்ச வேண்டியதில்லை.

இன்னுமொரு வார்த்தை நமது தொண்டர்களுக்கே சொல்ல வேண்டும். தம்மை வேவு பார்ப்பதைக் கண்டிக்கும் கட்சிக்காரர், அதிகாரம் தம் கைக்கு வந்ததும் எதிரிகளை வேவு பார்ப்பதில் தவறில்லை என்று எண்ணுவது சகஜம். உட்கட்சிப் பூசலில் சகோதரத் தொண்டனுடைய பேச்சை ஒளிந்திருந்து பதிவு செய்வோரும் இருக்கிறார்கள். இவர்கள் பாரதியார் படத்துக்கு மாலை சூட்டுவதற்கு முன், அவர் வீட்டெதிரே நின்ற மனிதனுடைய வேலையைத் தாமே செய்துகொண்டிருக்கவில்லையா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்க்கக் கடவர். பிறர் கடிதத்தைப் பிரிக்க மறுப்பவனுக்கே தன் கடிதம் பிரிக்கப்படும்போது முறையிடும் தகுதி உண்டு. அத்தகுதியை முதலில் நாம் தேடிக்கொள்வோமாக; பிறகு சட்டத்தைத் திருத்தும் வரையில் ஓயாமல் கிளர்ச்சி செய்வோமாக.